நாக்குக்கு அடியில்

"வாயைத் திறங்க தம்பி. நாக்கைத் தூக்குங்க."

சாவிக் கடையில் மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் சொன்னார். சாவி அறுக்கும் இயந்திரத்தின் முன் முக்காலியில் இருந்தவர், கையில் பிடித்த அரத்தோடு வாயைத் திறந்தார். அம்மாள் குனிந்து நாக்குக்கு அடியில் பார்த்தார்.

"சரி, வேலையைப் பாருங்க."

மாற்றுச் சாவிக்காக முதல்முறையாக அந்தக் கடைக்கு வந்திருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. கைப்பேசியில் படமும் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, சம்பளம் கொடுத்தா எது வேணா செய்யலாமா? வாய்க்குள்ள எதைத் திருடி வச்சிருக்கார்னு தேடுறீங்க? சாவியையா?"

"உங்க சாவி பத்து நிமிஷத்துல ஆயிடும் சார்."

"சாவி கிடக்கட்டும். மாட்டுக்குப் பல்லைப் பாக்குற மாதிரி பாக்குறீங்களே. இந்தப் படம் இப்பவே எங்க வாட்ஸ்அப் குழுவுக்குப் போகுது. நானூறு குடும்பம். அப்புறம் இந்தக் கடைப் பக்கம் ஈ, காக்கா வராது."

அம்மாளின் முகம் சிவந்தது.

இயந்திரம் நின்றது. முக்காலியில் இருந்தவர் எழுந்தார்.

"அக்காவைத் திட்டாதீங்க சார். கடை என்னோடது. அவங்கதான் சம்பளத்துக்கு வர்றவங்க."

செயலாளர் விழித்தார்.

"எனக்கு மனச்சிதைவு நோய். ஸ்கீசோஃப்ரினியான்னு சொல்வாங்க. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. சிலருக்குக் காதுல யாரோ பேசிட்டே இருப்பாங்க. சிலர் பேச்சே இல்லாம மூலையில உட்கார்ந்துடுவாங்க. எனக்குச் சந்தேகம். எல்லாரும் எனக்கு எதிரா ஏதோ செய்றாங்கன்னு தோணும். அது முதல்ல மாத்திரை மேலதான் விழும். விஷம்னு நினைச்சு, முழுங்கின மாதிரி நடிச்சுத் துப்பிடுவேன். அதனால, நான் தெளிவா இருந்தப்பவே அக்காகிட்ட கேட்டுக்கிட்டேன். தினமும் பாருங்க, நான் கோவிச்சாலும் விடாதீங்கன்னு. ஆறு வருஷமா ஒரு நாள் தவறல. வெளியில மூச்சு விட்டதும் இல்ல."

"இப்ப ஏன் சொன்னீங்க தம்பி?" என்றார் அம்மாள். "திட்டு எனக்குத்தானே? வாங்கிட்டுப் போறேன். உங்க தொழில் நம்பிக்கையில ஓடுறது."

"பரவாயில்லக்கா. சார் படிச்சவர். புரிஞ்சுக்குவார்."

செயலாளர் கண் கலங்கினார். இருவர் முன்னாலேயே படத்தை அழித்தார். "இது என்னோட போச்சு. கவலைப்படாதீங்க" என்று கடைக்காரரின் தோளைத் தட்டிவிட்டு, புதுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் குடியிருப்பில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர், சங்கக் குழுவில் வந்த செய்தியை அம்மாளுக்கு அனுப்பியிருந்தார்.

'சாவிக் கடைக்காரர் மனநோயாளி. நம் வீட்டுச் சாவிகளின் நகல் அவரிடம் இருக்கலாம். உடனே பூட்டுகளை மாற்றுங்கள். யார் மனதையும் புண்படுத்த அல்ல, பொதுநலன் கருதி. செயலாளர்.'

அம்மாள் கைப்பேசியை நீட்டினார்.

கடைக்காரர் இரண்டு முறை படித்தார்.

"அவர் படியிறங்கும்போதே, இந்த ஆள் ஊரெல்லாம் சொல்லிடுவார்னு தோணிச்சுக்கா" என்றார். "நம்ம நோய்தான் இப்படி நினைக்க வைக்குதுன்னு, என்னை நானே அதட்டிக்கிட்டேன்."