பெடல் எட்டுமா?

தபால் வேன் ஓட்டிவிட்டு வீடு திரும்பிய க்ளெனிஸ், ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கணவன் எம்ரிஸ் மூன்று வருடமாகக் கட்டிவந்த கார் ஒருவழியாக முடிந்திருந்தது. சட்டகம் மட்டும்தான் புதுசு. இன்ஜினும் சீட்டுகளும் ஸ்வான்சி காயலான் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை.

"ஏறி உட்காரு" என்றான்.

உட்கார்ந்தாள். மூன்று பெடல்களும் அவள் காலுக்கு வாகாக எட்டின.

"என்னப்பா இது? எனக்கே அளவா இருக்கு. ஆறடி ஆளு நீ, காலை எங்க மடக்கி வைப்ப? அளவெடுக்கும்போது தூங்கிட்டியா?"

"சரியாத்தான் எடுத்தேன்."

"என்னத்தச் சரி! செவ்வாய்க்கிழமை காரை ரோட்டுல விட அனுமதி தர்ற இன்ஸ்பெக்‌ஷன். பெடலைப் பிரிச்சு முன்னால தள்ளு."

"முடியாது. வெல்டு வச்சாச்சு."

"தான் ஓட்ட முடியாத காரை எவனாவது கட்டுவானா?"

எம்ரிஸ் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபக்கமாக வந்து அவளருகில் உட்கார்ந்தான்.

"பனிக்காலத்துல கண் டாக்டரைப் பார்த்தேன். பார்வை மங்கிட்டே வருதாம், சரியாகாதாம். லைசென்ஸைத் திருப்பி அனுப்பிட்டேன், க்ளெனிஸ்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஒளிச்சு வச்சிருப்ப."

அது உண்மைதான். க்ளெனிஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு, போனை எடுத்துத் தபால் நிலையத்தை அழைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு வேணும்," என்றாள். "வண்டி ஓட்டணும்."