அகல டயர்

குளிர்காலம் முழுக்கத் தெற்கே ரேஸ் பார்த்துவிட்டு நேற்றுதான் ஊர் திரும்பியிருந்தேன். இன்று காலையே டாரல் தன் அறுபத்தாறு மாடல் நோவா காரை என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பின் ஆக்ஸிலை ரெண்டு பக்கமும் அறுத்துக் குறுக்கிக் குடு, கஸ். அகல டயர் பாடிக்கு உள்ள அடங்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்காக இதற்குக் கெஞ்சுகிறான். அவன் மனைவி ரோண்டா விட்டதே இல்லை.

"எப்படிடா மசிஞ்சா? கால்ல விழுந்தியா?"

"அவளேதான் அனுப்பினா."

"புளுகாதே! டயர் உள்ள வந்தா பின் சீட்டுக்கே இடம் இருக்காது, கழட்டித் தூக்கி எறியணும். அப்புறம் உன் பொண்ணை எங்க உக்கார வைப்பே, டிக்கியிலயா?"

அந்தப் பக்கம் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த என் உதவியாள் வேட் சட்டென்று நிறுத்தினான்.

டாரல் முன் சீட்டை மடித்து, பின்னாலிருந்த குழந்தை சீட்டின் பெல்ட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

"அடக்கம் முடிஞ்சு திரும்பறப்பவே ரோண்டா பின்னாடி பாக்குற கண்ணாடியைத் திருப்பி வெச்சுட்டா, கஸ். அதுல இந்த சீட்டு காலியாத் தெரியுதாம்."