நைனாவைக் கேட்டுச் சொல்கிறாள்

திருப்பதியில் நுண்கலை முதுநிலைப் படிப்புக்கு நேர்காணல். மீதமிருந்தது ஒரே இடம். பேராசிரியர் மாதவ ராவுக்குத் தமிழ் தெரியாது, பொறுமையும் குறைவு.

“இந்த நகரி மலைப் படத்தில் மனிதர்களே இல்லையே, ஏன்?” என்று தெலுங்கில் கேட்டார்.

கௌசிகா அருகிலிருந்த தந்தையிடம் திரும்பினாள். “மனுசங்களே இல்லியே, ஏன் நைனா?”

“அந்த வெயில்ல எவன் நிப்பான்னு சொல்லும்மா.”

சொன்னாள்.

“வண்ணங்கள் ஏன் இவ்வளவு மங்கல்?”

மறுபடியும் தந்தையிடம் திரும்பினாள். மாதவ ராவுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“ஒரு பதிலாவது சொந்தமாகச் சொல்ல மாட்டாயா? இப்படியே போனால் இடம் கிடைக்காது. ஐயா, படிக்கப்போவது உங்கள் மகளா, நீங்களா?”

கௌசிகா அதையும் தமிழில் கேட்டாள்.

“நான்தான். தெலுங்கு வராம உன்னை இட்டுக்கினு வந்தேன்னு சொல்லு.”

கௌசிகா பிசகாமல் மொழிபெயர்த்தாள்.