முதல் வாய்

மெல்பர்னில் ஒரு காபிக்கொட்டை கம்பெனியில் ருசி பார்ப்பதுதான் நொரீனுக்கு வேலை. வீட்டு மெஷினில் கணவன் டேரல் போடும் காபிக்கும் தினமும் ஒரு குறை சொல்வாள்.

இன்று அவள் பிறந்தநாள். முதல் கோப்பையை அவளிடம் நீட்டினான். நொரீன் ஒரு வாய் குடித்தாள்.

"அசத்திட்ட. எந்தக் கடையிலயும் இப்படிக் கிடைக்காது."

டேரல் தன் கோப்பையில் ஒரு வாய் குடித்துத் துப்பினான்.

"ஒரே புளிப்பு. மெஷின்ல கறை போக ஊத்தின வினிகர் தண்ணியைக் கொட்ட மறந்துட்டேன். இதையா நல்லா இருக்குன்னே?"

நொரீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ருசி, வாசனை எல்லாம் போய் மூணு வாரமாச்சு. கம்பெனில தெரியாது."

"அப்ப தினமும் சரியா குறை சொன்னியே?"

"தினமும் நீதானே முதல்ல குடிப்பே. உன் மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லுவேன்."