பில் இல்லாத மிக்ஸி

"பில் இருக்கா சார்?" மிக்ஸிப் பெட்டியைத் தொடாமலே கேட்டான் ஹரிஷ். வீட்டு உபயோகப் பொருள் கடையின் சிதம்பரம் கிளைக்கு அவன் புதிய சேல்ஸ்மேன்.

"இல்லப்பா. அன்பளிப்பா வந்தது. ஒரு தடவை சட்னி அரைச்சதோட நின்னுபோச்சு," என்றார் தட்சிணாமூர்த்தி. "வீட்டுக்காரி அம்மியில அரைச்சு அரைச்சு கை வீங்கிக் கெடக்கா."

"பில் இல்லாம..."

"மாத்த முடியாது. முதலாளி ஊர்ல இல்ல. உனக்கும் அதிகாரம் இல்ல. அதானே?"

ஹரிஷ் விழித்தான். "கரெக்டா சொல்றீங்களே சார். கொடுத்தவங்ககிட்ட பில்லைக் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்."

"கேட்டேன்பா. சிரிக்கறாரு."

"இதுல சிரிக்க என்ன இருக்கு? யாரு சார் அவரு?"

தட்சிணாமூர்த்தி பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"உங்க முதலாளிதான். கடலூர் மெயின் கடையில மேனேஜரா இருந்து நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு, மாலை போட்டு, கடையிலேர்ந்தே இத எடுத்துக் கொடுத்தாரு. உன் தலைக்கு மேல தொங்குதே, 'பில் இல்லாமல் பொருள் மாற்றித் தரப்படாது'ன்னு ஒரு போர்டு? அத எழுதி எல்லாக் கிளைக்கும் அனுப்பினவன் நான். 'ரூல் போட்டதே நீதானய்யா'ன்னுதான் சிரிக்கறாரு."

ஹரிஷ் போர்டைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"அப்ப இதுக்கு பில்லே போட்டிருக்க மாட்டாங்களே சார்."