சுவரோடு சுவராக

பஞ்சுப் போர்வை தைக்கும் மெஷினில் கடைக்காரர் போட்டுக் காட்டிய பூவேலையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இருக்கிறதிலேயே பெரிசு எது?"

"அந்தப் பன்னிரண்டு அடி மெஷின். அடியில துணி மூட்டைகூட வச்சுக்கலாம். ஆனா வீட்டுக்கு எதுக்கும்மா? ரூமையே அடைச்சுக்கும்!"

"அடைக்கட்டும். அதையே குடுங்க."

"ரொம்ப வருஷமா தைக்கிறீங்களோ?"

"ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் மகனுடைய அறையை அடைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக மெஷின் நின்றது. மகன் இறந்ததிலிருந்து அந்த அறையிலேயே பாய் போட்டுப் படுக்கும் கணவர், இனியாவது தன் பக்கத்தில் வந்து படுப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

பிறகு குனிந்து, அதன் அடியில் பாயை விரித்தார்.