பெண் கை பட்ட போர்வை

தனப்பிரியா சேலத்திலிருந்து காரில் வந்து இறங்கியபோது, தங்கையின் புருஷன் மோகன்குமார் வாசல் நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தான். உச்சி வெயில் ஏறுகிற நேரம்.

"வாங்க" என்று வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஏனுங் மாப்ள, தூக்கத்தைக் கெடுத்துட்டனாக்கும்?"

அவன் சிரித்து வைத்தான்.

நாமக்கல்லில் ஒரு லாரி பாடி பட்டறையில் அவன் என்னவோ வேலை பார்த்தான். என்ன வேலை என்று தனப்பிரியா கேட்டதே இல்லை. அந்த வேலை போய்விட்டது என்பது மட்டும் அவளுக்கு மறப்பதே இல்லை.

உள்ளே மதுமதியின் எம்பிராய்டரி மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. துணியில் ஒரு மயில் கழுத்து வரை வந்திருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்தது. கூரியருக்குப் போகவேண்டிய பார்சல்கள் கட்டில் முழுக்கக் கிடந்தன.

"ஒருத்தியா இத்தனையும் எப்படிச் சாமி பாக்கற?"

"ஒருத்தி இல்லீங்க்கா, அவரும்..."

"அவருதான் வாசல்ல படுத்து ஊட்டைக் காவல் காக்கறாரே! நீ எம்பிராய்டரி போட்டு, குவில்ட் தைச்சு, பார்சல் கட்டி ஓடாத் தேயற. பேசாம அவரு கையில ரெண்டு வளையலை மாட்டி உட்டுட்டு, நீ வேட்டியைக் கட்டிக்க."

வாசலுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது.

ஒட்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, கையால் தைத்த போர்வைதான் அந்தக் குவில்ட். போர்வை என்று சொல்லி விற்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தனப்பிரியா பெயரை மாற்றி, 'ஒவ்வொரு தையலிலும் ஒரு பெண்ணின் விரல் பேசுகிறது' என்று இன்ஸ்டாகிராமில் எழுதியதும், தேடிவந்து கேட்க ஆரம்பித்தார்கள். எழுதியவள் என்பதால், தைத்ததில் பாதிப் பெருமை தன்னுடையது என்றே அவள் நம்பினாள்.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடை கேட்டிருந்தது. வருடம் முழுக்க வாங்கிக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, பெண் கையால் தைப்பதை வீடியோ எடுத்து இன்றைக்கே அனுப்பவேண்டும். தவறினால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

தனப்பிரியா போனை ஸ்டாண்டில் மாட்டினாள். கேமராவைப் பார்த்துக் குரலைக் கனிவாக்கிக்கொண்டாள்.

"இவங்க என் தங்கை மதுமதி. குடும்பத்துல ஆண் துணை இருந்தும் இல்லாத மாதிரி. ஆனா இந்த ரெண்டு கை இருக்கு. தையி சாமி."

"அக்கா, நான் சொல்றதை மொதல்ல..."

"அப்பறம் சொல்லு. தையி."

மதுமதி ஊசியை எடுத்துக் குத்தினாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் தாண்டி ஊசி வெளியே வரவில்லை. பிடித்து இழுத்தாள், நூல் சிக்கியது. அடுத்த தையல் விரலில் ஏறியது. அதற்கடுத்தது, இருக்கிற கோட்டை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுப் பக்கம் போனது.

"என்னடி இது? நீ அனுப்பறதெல்லாம் கோடு போட்டாப்புல இருக்குமே!"

"எனக்கு மெஷின் எம்பிராய்டரி மட்டுந்தானுங்க்கா வரும். போர்வை அவரு தைக்கறதுங்க. மொத போர்வையில இருந்தே."

தனப்பிரியா கேமராவை அணைத்தாள்.

மோகன்குமார் உள்ளே வந்தான். கைலியை மடித்துத் தரையில் உட்கார்ந்து ஊசியை வாங்கினான். கோணல் தையலைப் பிரித்துவிட்டு ஓட்டினான். டைமண்ட் டைமண்டாக, அளவெடுத்த மாதிரி வந்தது.

"லாரி கேபினுக்கு ரெக்சின்ல பஞ்சு வெச்சு இப்படித் தைக்கறதுதானுங்க என் வேலை. இப்பக் கம்பெனியே கேபின் கட்டித் தந்துடறாங்க, நம்மளுக்கு வேலையில்ல. ரெக்சினைக் குத்துன கைக்கு இந்தத் துணியெல்லாம் வெண்ணெய்ங்க. விடியறதுக்கு முந்தியே உக்காந்தேன், முதுகு புடிச்சுக்கிச்சு. அதான் செத்த சாஞ்சேன்."

"இதை ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"போன்ல எத்தனை வாட்டி ஆரம்பிச்சேன்? 'அவரு பேச்சை எடுக்காதே'ன்னு வெச்சுருவீங்க. இன்னைக்குங்கூட வாயைத் தொறக்க உட்டீங்களா?"

மதுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. தனப்பிரியாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அப்போது போன் அடித்தது. கோயம்புத்தூர்.

"மேடம், வீடியோ இன்னும் வரலையே?"

"அஞ்சே நிமிசமுங்க. தங்கச்சி தைச்சுக்கிட்டுத்தான் இருக்கா."

போனை வைத்தபோது அந்த வெட்கத்தைக் காணோம்.

"நான் தைக்கறதையே எடுத்து அனுப்புங்களே" என்றான் மோகன்குமார், தலை நிமிராமல். "போர்வை நல்லா இருந்தா வாங்கிக்க மாட்டாங்களா?"

தனப்பிரியா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்து, தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களில் இரண்டைக் கழற்றி நீட்டினாள்.

"மாப்ள, கோவிச்சுக்காம இதைக் கொஞ்சம் மாட்டிக்குங்க. மூஞ்சி வேண்டாமுங்க, கை மட்டும் தெரிஞ்சாப் போதும்."